பெயர் சொல்லி ஒரு சட்டம்

கண்டனூரில் எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை அனுப்பிய ஐயா, 1942இல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்குத் தப்பி வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். திரும்பப் போய் அங்கேயே வாழ அனுமதி கேட்டு அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் பெட்டகத்தில் ஒரு கட்டாகக் கிடந்தன. "ஒரு பெரிய மனுசன் மனசு வச்சிருந்தா நம்மள இருக்க விட்டிருப்பாக" என்பார் அப்பத்தா. ஒரு ஆளுக்காக எங்காவது சட்டம் போடுவார்களா என்று நான் சிரிப்பேன். போடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் அதற்குத் தனிநபர் சட்டம் என்று பெயர். இன்னாருக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை தரப்படுகிறது என்று ஒருவர் பெயரைப் போட்டு மசோதா கொண்டுவருவார்கள். இரு அவைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்திட்டால் அது சட்டம். 1940 வரை, வெளியேற்ற உத்தரவில் சிக்கியவருக்குக் கருணை கிடைக்க இது ஒன்றே வழி. மனுக்கள் குவிந்ததால், வெளியேற்றத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அந்த ஆண்டு அட்டர்னி ஜெனரலிடம் கொடுத்தார்கள். ஆனால் அதை ரத்து செய்யும் பிடியை நாடாளுமன்றம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

அந்தப் பிடியில் மாட்டியவர் நம் வம்சாவளிக்காரர். ஜெகதீஷ் ராய் சட்டா கென்யாவில் பிறந்த இந்தியர். கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966இல் படிக்கப் போனார். 1972இல் விசா முடிந்தது. 1974இல் குடியேற்ற நீதிபதி அவரை இருக்க அனுமதித்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, 340 பேர் பட்டியலில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் மட்டும் நீக்கியது. விவாதம் இல்லை, வாக்குப் பதிவும் இல்லை. சட்டா விடவில்லை. 1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு சபை மட்டும் இப்படி ரத்து செய்வது செல்லாது என்று 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நமக்குப் பக்கத்திலும் இதே கதை உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதே சட்டத்தில், சேவையிலோ தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவர் என ஆண்டுக்கு 25 பேர் வரை அமைச்சர் குடிமக்களாகப் பதிவு செய்யலாம் என்றும் இருந்தது. பெரிய கதவைச் சாத்திவிட்டு, தெரிந்தவருக்கு மட்டும் திட்டிவாசலைத் திறந்துவைத்தார்கள்.

பர்மாவின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1930களின் மந்தத்தில் கடன் கட்ட முடியாத உழவரின் வயல்கள் ஏராளமாகச் செட்டியார்கள் கைக்கு வந்தன. முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததில் வியப்பில்லை. ஆனால் நிலத்துக்கான கணக்கு வேறு, ஒருவர் வாழ்ந்த ஊரில் இருப்பதற்கான உரிமை வேறு.

அப்பத்தா கேட்டது ஒரு பெரிய மனுசனின் தயவை. சட்டாவின் கதையைப் படித்தபின் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பெயர் சொல்லிக் கொடுப்பதைப் பெயர் சொல்லியே பறிக்கவும் முடியும். ஐயாவின் மனுக்கள் ஒவ்வொன்றிலும் அவர் பெயர் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்தவர் யார் என்பதற்குத்தான் அந்தக் கட்டில் ஒரு பதிலும் இல்லை.