புறப்பாட்டுக்கு முந்தைய வானொலித் தொடர்பில் விமானிகளின் பிழைகள்

விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதற்கு முன்பிருந்து ஓடுபாதையிலிருந்து மேலெழும்வரை விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் வானொலியில் பேசிக்கொள்கின்றனர். அந்த உரையாடலில் விமானி தவறாகக் கேட்பது, தவறாகப் பொருள்கொள்வது, தவறாகச் சொல்வது ஆகியன இவ்வகைப் பிழைகள். விமான வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த விபத்தும் இத்தகைய பிழையோடு தொடர்புடையதே.

அனுமதிகளின் வரிசை

புறப்படும் விமானி பல அனுமதிகளைத் தனித்தனியே பெறவேண்டும். வழித்தட அனுமதி, எழும்பியபின் செல்லவேண்டிய பாதையையும் உயரத்தையும் கூறுகிறது. தரை நகர்வு அனுமதி, எந்த இணைப்புப் பாதையில் சென்று எந்த நிறுத்தக்கோட்டில் நிற்பது என்பதைக் கூறுகிறது. பின்னர் ஓடுபாதையில் ஏறிக் காத்திருக்கும் அனுமதி வரலாம். புறப்பாட்டு அனுமதியே இறுதியானது. இவற்றுள் ஒன்று கிடைத்ததால் அடுத்ததும் கிடைத்துவிட்டதாக ஆகாது.

ஓடுபாதையில் நுழைதல், அதைக் கடந்து செல்லல், அதற்கு முன் நிற்றல், அதிலிருந்து புறப்படுதல் குறித்த எல்லா அறிவுறுத்தல்களையும் விமானி திருப்பிச் சொல்லவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அந்த மீளுரைப்பைக் கவனித்துக் கேட்டு, பிழையிருந்தால் உடனே திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை.

பிழைகளின் வகைகள்

எதிர்பார்த்ததையே கேட்டதாக நம்புவது மிக ஆபத்தானது. புறப்படும் அவசரத்தில் இருப்பவருக்கு, பாதியளவு பொருந்தும் சொல்லும் முழு அனுமதியாகத் தோன்றக்கூடும். ஒலியில் ஒத்த அழைப்புக்குறிகள் இருக்கையில், வேறொரு விமானத்துக்கான அறிவுறுத்தலைத் தனக்கென எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. அறிவுறுத்தலைத் திருப்பிச் சொல்லாமல் ‘ரோஜர்’ (செய்தி கிடைத்தது) என்று மட்டும் முடிப்பது, தான் நிற்கும் இடத்தைத் தவறாக அறிவிப்பது, வழக்கிலில்லாத சொற்களால் பேசுவது ஆகியவையும் இவற்றுள் அடங்கும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் இரண்டு செய்திகளும் சிதைந்து இரைச்சலாகக் கேட்கும்.

முக்கிய நிகழ்வுகள்

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவிலுள்ள லோஸ் ரோடியோஸ் நிலையத்தில் கடும் மூடுபனி நிலவியது. கே.எல்.எம். விமானத்துக்கு வழித்தட அனுமதி மட்டுமே தரப்பட்டிருந்தது. அதன் துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தாம் புறப்பாட்டில் இருப்பதாகத் தெளிவற்ற சொற்களில் முடித்தார். காத்திருக்குமாறு கோபுரம் சொன்னதும், அதே ஓடுபாதையில் நகர்ந்துகொண்டிருந்த பான் அம் விமானம் தாம் இன்னும் அங்கேயே இருப்பதாகச் சொன்னதும் ஒன்றோடொன்று மோதி, கே.எல்.எம். விமானியறையில் இரைச்சலாகவே விழுந்தன. பான் அம் விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயமும் ஏற்கப்படவில்லை. கே.எல்.எம். புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடர, இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் இறந்தனர்.

2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில் சிறிய செஸ்னா விமானம் மூடுபனியில் தவறான இணைப்புப் பாதையில் திரும்பியது. அதன் விமானி அறிவித்த இடக்குறியைக் கட்டுப்பாட்டாளர் அறிந்திருக்கவில்லை. விமானம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகாமலே உரையாடல் தொடர்ந்தது. புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானத்துடன் அது மோதியதில் 118 பேர் இறந்தனர்.

2022 ஜனவரி 9 அன்று துபாயில், ஹைதராபாத் செல்லவிருந்த எமிரேட்ஸ் விமானம் அனுமதியின்றி ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையைப் பெங்களூரு செல்லவிருந்த மற்றொரு எமிரேட்ஸ் விமானம் கடக்கவிருந்தது. கோபுரம் தடுத்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், நிலநடுக்க நிவாரணப் பொருட்களுடன் புறப்படவிருந்த கடலோரக் காவல்படை விமானத்தை நிறுத்தக்கோடுவரை வருமாறு கோபுரம் பணித்தது. புறப்பாட்டு வரிசையில் முதலாவது என்றும் கூறியது. விமானி அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார். ஆனால் ஓடுபாதையில் நுழையும் அனுமதியாகக் கருதி உள்ளே சென்றார். தரையிறங்கிய ஜப்பான் எயர்லைன்ஸ் விமானம் அதில் மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர்.

தடுப்பு முறைகள்

டெனரீஃப் விபத்துக்குப்பின் ‘டேக்-ஒஃப்’ என்ற சொல், புறப்பாட்டு அனுமதியைத் தரும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டுமே பயன்படவேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ எனப்படுகிறது. இளநிலை விமானியும் தயங்காமல் தலைவரைத் தடுத்துக் கேட்கும் பயிற்சி உலகெங்கும் பரவியது. சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத் தேர்ச்சியில் குறைந்தது நான்காம் நிலையை எட்டவேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஹனேடா விபத்துக்குப்பின் ஜப்பான், வரிசை எண் கூறுவதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

இலங்கையில்

இலங்கை 1948 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உறுப்பு நாடு. எனவே இவ்விதிகள் இங்கும் பொருந்தும்; நாட்டின் விமானப் போக்குவரத்தை இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது. கிழக்கு மாகாணத்தில் வாவிக்கரையில் மட்டக்களப்பு விமான நிலையமும், வடக்கே திருகோணமலையில் சீனக்குடா விமான நிலையமும் உள்ளன. நிலையம் சிறிதாயினும் பெரிதாயினும் விதி ஒன்றே: அனுமதி குறித்து ஐயம் எழுந்தால் விமானி நின்ற இடத்திலேயே நின்று மீண்டும் கேட்கவேண்டும்.