தபால் வியாபாரமும் இணைய வியாபாரமும்

வியாபாரம் என்பது பண்டமும் பணமும் கைமாறுவது மட்டுமன்று. ஒருவர் சொல்லை மற்றொருவர் நம்புவதே அதன் உயிர்நிலையாகும். சந்தையில் வாங்குவோன் பண்டத்தைத் தொட்டுப் பார்க்கிறான். விற்போன் முகத்தையும் பார்க்கிறான். நூறு காதத்துக்கு அப்பால் இருப்பவன் எதைப் பார்த்து வாங்குவான்? இவ்வினாவுக்கு நமக்கு முன்னிருந்தோர் எவ்வாறு விடை கண்டனர் என்பதை ஆராய்வது, இக்காலத்தில் இணையத்தின் வாயிலாகச் சிறு வியாபாரம் தொடங்கும் நம் குலத்து இளைஞர்க்குப் பயன்படும் என்று கருதி இதனை வரையலானோம்.

திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள காவிரி நாடு நெல்லுக்குப் பேர்போனது. கைத்தொழிலிலும் அதற்குக் குறைவில்லை. திருபுவனத்துப் பட்டையும், சுவாமிமலை வெண்கலப் படிமத்தையும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும் அறியாதார் நம்மில் இலர். ஆயினும் செய்தவன் பெயரை வாங்குவோன் அறியான். வாங்கினவன் ஊரைச் செய்தவன் அறியான். இருவர்க்கும் இடையே நிற்பவர் வைத்ததே பெரும்பாலும் விலையாயிற்று.

தூரத்துத் தொடர்பு திருப்பனந்தாளுக்குப் புதிதன்று. குமரகுருபர சுவாமிகள் காசியில் நிறுவிய மடத்தின் வழிவந்த காசித் திருமடம் இவ்வூரில் இருந்துகொண்டே வடகோடியிலுள்ள காசியோடு நெருங்கிய தொடர்பு உடையதாய் விளங்கி வருகிறது. ஆனால் மடத்துக்கு ஆட்களும் அறநிலைகளும் உண்டு. தனித் தொழிலாளிக்கு அவை ஏது? அவனுக்குத் துணையாக வந்தது தபால்.

1854-ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் ஒரே தபால் கட்டணம் ஏற்பட்டது. கால் தோலா எடையுள்ள கடிதம் அடுத்த ஊருக்குச் சென்றாலும் லாகூருக்குச் சென்றாலும் அரையணாவே. 1877-ல் வி.பி.பி. என்னும் ஏற்பாடு வந்தது. 1879-ல் காலணாக் கார்டும், 1880-ல் தபாலாபீஸ் மணியார்டரும் வந்தன. இவற்றுள் வி.பி.பி.யே வியாபாரத்தின் போக்கை மாற்றியது. விற்போன் பண்டத்தைக் கட்டித் தபாலில் சேர்ப்பான்; தபால்காரர் அதனை வாங்குவோன் வீட்டு வாயிலிற் கொடுத்துப் பணம் பெறுவார்; அப்பணம் விற்போனுக்கு வந்து சேரும். முன்பின் அறியாத இருவர்க்கு நடுவே சர்க்கார் தபாலாபீஸ் மத்தியஸ்தனாக நின்றது.

நிற்க, தபால் பண்டத்தைச் சேர்க்குமேயன்றி, பண்டம் உண்டென்று ஊரறியச் சொல்லாது. அவ்வேலையைப் பத்திரிகை விளம்பரம் செய்தது. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியபோது, சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தோர்க்கு அதனை இலவசமாக வழங்கினார். கையிற் பட்ட பொருளின் குணமே முதல் விளம்பரமாயிற்று. பின்னர் 1908-ல் ஆந்திர பத்திரிகையையும் அவர் நிறுவினார்.

இனி நம் பக்கத்தவர் ஒருவரைக் காண்போம். அக்காலத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த திருத்துறைப்பூண்டியிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாரால் வளர்க்கப்பட்டவர் எஸ். எஸ். வாசன். சென்னைக்குப் படிக்கச் சென்ற அவர், படிப்பை நிறுத்திவிட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதையும், பலவகைச் சாமான்களைத் தபால் மூலம் விற்பதையும் தொழிலாகக் கொண்டார். பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் பணமுடையால் நடைபெறாது நின்றபோது, 1928-ல் வாசன் அதனை வாங்கினார். பெயரிலுள்ள எட்டெழுத்துக்கு எழுத்தொன்றுக்கு இருபத்தைந்து ரூபாயாக இருநூறு ரூபாய் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிறர் பத்திரிகையில் இடம் வாங்கி விளம்பரம் செய்தவர் தாமே பத்திரிகைக்கு உடையவரானார். வாங்குவோரிடம் செல்லும் வழி பிறர் கையில் இருக்குமளவும் வியாபாரம் முற்றிலும் தன்னுடையதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தபால் வியாபாரத்தின் குறையையும் மறைத்தலாகாது. வி.பி.பி.யில் பணத்தைக் கொடுத்த பின்னரே கட்டைப் பிரிக்கலாம். இதனைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்டு, விளம்பரத்தில் ஒன்றைப் புகழ்ந்து, கட்டுக்குள் வேறொன்றை வைத்து அனுப்பினோரும் உளர். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை யோக்கியரின் கட்டையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். போன கூலியும் வீண். கட்டிய உழைப்பும் வீண். ஒருவன் செய்த பிழைக்குத் தொழில் முழுவதும் தண்டம் இறுத்தது.

இணையத்தின் கதையும் பெரும்பாலும் இவ்வழியே நடந்திருக்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ல். 2007-ல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010-ல் பண்டத்தைக் கொடுத்துப் பணம் பெறும் முறையைக் கொண்டுவந்தது. இஃது வி.பி.பி.யின் மறுபிறவியே. 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் மணியார்டர் செய்த வேலை கைபேசியில் ஒரு நொடியில் முடிகிறது. 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ், சிறு கடைக்காரரும் தம் சரக்கின் படத்தையும் விலையையும் காலணாச் செலவின்றிக் காட்ட வழி செய்தது. வாங்க மறுத்துத் திரும்பி வரும் கட்டுகளும், இரட்டைக் கூலி நஷ்டமும் இப்போதும் உள்ளன.

ஆதலின் இத்துறையிற் புகுவோர் மூன்றினை உறுதியாகப் பற்றுதல் வேண்டும். முதலாவது, உள்ளதை உள்ளவாறு சொல்லுதல். திருப்பனந்தாளில் ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்பாராயின், எந்தப் போகத்து நெல், என்று அரைத்தது, நிகர எடை எவ்வளவு, அனுப்புங்கூலி உட்பட விலை யாது என்று எழுதுக. கல்லும் குறுநொய்யும் இருப்பின் அதனையும் சொல்லுக. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளும் இதனையே கட்டளையிடுகின்றன. விற்போன் தானே வாங்குவோன்போல் வேடமிட்டுப் பாராட்டுரை எழுதுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

இரண்டாவது, ஊர்ப்பெயரைக் காத்தல். திருபுவனத்துப் பட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உழைத்தோர் தேடிவைத்த முதல். விசைத்தறிச் சரக்கை அப்பெயரால் விற்பவன் தன் அண்டை வீட்டாரின் சோற்றில் மண்ணைப் போடுகிறான்.

மூன்றாவது, வாங்கினோரின் பேரேட்டைத் தாமே வைத்திருத்தல். பெரிய இணையக் கடைகளிற் சரக்கை வைப்பதில் தவறில்லை. 2023 அக்டோபர் முதல், ஜி.எஸ்.டி. வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள் தம் மாநிலத்துக்குள் விற்பதாயின், முழுப் பதிவின்றிப் பதிவெண் ஒன்றை மட்டும் பெற்று அங்கே விற்கவும் வழியுண்டு. எனினும் அக்கடைகள் தரகை உயர்த்தினாலும், நம் சரக்கைப் பின்வரிசைக்குத் தள்ளினாலும் நாம் செய்யத்தக்கது சிறிது. நேரே நம்மிடம் வாங்கினோரின் பெயர், ஊர், வாங்கிய பொருள் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு குறித்து வைத்து, அறுவடைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு செய்தி அனுப்புதல் நலம். வாசன் பத்திரிகை வாங்கிப் பெற்ற சுதந்திரத்தை நம்மவர் ஒரு நோட்டுப் புத்தகத்தால் ஓரளவு பெறலாம்.

நம் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் போகின்றனர். வீட்டிலிருந்த தொழில் பெரியோரோடு முடிந்துவிடுமோ என்னும் அச்சம் பல குடும்பங்களில் உண்டு. இருந்த ஊரில் இருந்தபடியே உலகத்தோடு வியாபாரம் செய்யும் வாய்ப்பு கையிலுள்ள கருவியில் இருக்கிறது. கருவி மாறினும் தருமம் மாறவில்லை. காணாதவன் நம்மை நம்பிப் பணம் அனுப்புகிறான். அவன் கட்டைப் பிரிக்கும்போது நம் குலத்தின் நற்பெயரையும் சேர்த்தே பிரிக்கிறான் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற்கொண்டு முன்வருவார்களாக.