பீரங்கிக்குள் சிக்கிய குண்டு

புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள திருமயம் கோட்டை மீது ஏறியிருக்கிறீர்களா? 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய அக்கோட்டையின் உச்சியில் பழைய பீரங்கி ஒன்றைக் காணலாம். இவ்வகைப் பீரங்கிக்கு முன்புறம் வாய்; பின்புறம் நெருப்பு வைக்க ஒரு சிறு துளை. மருந்து, அடைப்பு, குண்டு யாவற்றையும் வாய் வழியாகவே இட்டு, நீண்ட கோலால் இறுக்குவார்கள்.

மருந்து தீப்பற்றாமல் குண்டு உள்ளேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? அதன்மேல் மீண்டும் மருந்திட்டுச் சுட்டால் குழாயே வெடித்துவிடக்கூடும். எனவே வீரர்கள் முதலில் துளையிலும் வாயிலும் நீர் ஊற்றினர். பிறகு கோல் நுனியில் பொருத்திய சுருள் கம்பியால் அடைப்பைக் கவ்வி இழுத்தனர். குழாயைச் சாய்த்துக் குண்டை உருட்டி வெளியேற்றினர்.

நீர் எதற்கு? கருமருந்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. கரியும் கந்தகமும் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தருவது அதுவே. அது நீரில் கரைந்து நீங்கினால் மருந்து செயலிழந்துவிடும்.

ஆனால் காலம் மட்டும் மருந்தைக் கெடுத்துவிடாது. 1780-இல் மூழ்கிய ஹசார் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பீரங்கி ஒன்று நியூயார்க் நகரப் பூங்காவில் இருந்தது. 2013-இல் துருவை அகற்றுவதற்காக அதைத் திறந்தபோது, உள்ளே குண்டும் ஏறத்தாழ 800 கிராம் மருந்தும் இருந்தன! மருந்து வெடிக்கும் நிலையிலேயே இருந்ததாம்.

ஆகவே பழைய வீட்டுப் பரணில் இத்தகைய துப்பாக்கி கிடைத்தால், கம்பி விட்டுக் குடையாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.