மலிவு விலை கிராபிக்ஸ் அட்டைகளும் நுகர்வோர் விழிப்புணர்வும்

கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. கட்டட வரைபடம் தயாரிப்போர், திருமண அல்பம் வடிவமைப்போர், காணொளித் தொகுப்பில் ஈடுபடுவோர், முப்பரிமாண வடிவமைப்புப் பயிலும் மாணவர் எனப் பலருக்கும் அது தொழிற்கருவியாகவே விளங்குகின்றது. இவர்களது கணினிக்குத் தனியானதொரு கிராபிக்ஸ் அட்டை அவசியமாகின்றது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தமை, இறக்குமதிப் பொருட்களை வாங்குவோருக்குப் பேரிடியாக அமைந்தது. இத்தகைய சூழலில் இணைய விற்பனைத் தளங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும், பெயரறியாத தயாரிப்புகளின்பால் நுகர்வோர் ஈர்க்கப்படுவது வியப்புக்குரியதன்று. ஆயினும் அந்த மலிவின் பின்னணியை அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

என்விடியா, ஏ.எம்.டி. முதலான நிறுவனங்கள் சிப்பை வடிவமைக்கின்றன. அதனைக் கொண்டு அசூஸ், எம்.எஸ்.ஐ., சொட்டாக் போன்ற நிறுவனங்கள் அட்டைகளைத் தயாரித்து விற்பனை செய்கின்றன. எனவே அட்டையின் மீது வேறொரு வர்த்தக நாமம் காணப்படுவது மாத்திரம் மோசடிக்கு அடையாளமாகாது. உள்ளே இருக்கும் சிப் எது, அது எங்கிருந்து பெறப்பட்டது என்பதே கேள்வியாகும்.

முதலாவது ஆபத்து, முற்றிலும் போலியான அட்டைகளாகும். இதற்கு ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்னும் அட்டை சிறந்த உதாரணமாகும். என்விடியா இதனை 2016 ஒக்டோபரில் வெளியிட்டது. இதில் 768 செயற்கருக்களும் 4 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. இதே பெயரில் விற்கப்பட்ட போலி அட்டைகள் பலவற்றில் இருந்ததோ 2010 இல் வெளிவந்த ஜி.ரி.எஸ். 450 போன்ற பழைய சிப்பாகும். அதன் செயற்கருக்கள் 192 மாத்திரமே. அட்டையின் பயோஸ் மென்பொருளை மாற்றி எழுதிவிட்டால், பழைய சிப் புதிய பெயரையே கணினிக்கு அறிவிக்கும். 1 ஜிகாபைட் நினைவகமும் 4 ஜிகாபைட்டாகவே திரையில் காட்டப்படும்.

இம்மோசடி உடனே வெளிப்படுவதில்லை. கடிதம் தட்டச்சு செய்யவும் திரைப்படம் பார்க்கவும் பழைய சிப்பே போதுமானது. உண்மையில் இருக்கும் நினைவகத்தை விஞ்சும் வேலையைக் கொடுக்கும்போதே படம் சிதைந்து கணினி செயலிழக்கின்றது. அதற்குள் பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு கடந்துவிடக்கூடும். மோசடிக்காரர் நம்பியிருப்பது இக்கால இடைவெளியையே.

இரண்டாவது ஆபத்து, உழைத்துத் தேய்ந்த அட்டைகளாகும். எதீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்டுவதற்காக இலட்சக்கணக்கான அட்டைகள் இரவுபகலாக இயக்கப்பட்டன. 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி அந்த வலையமைப்பு தனது முறைமையை மாற்றியதும் அவை ஒரே நாளில் பயனற்றுப் போயின. அவற்றிற் பல பாவித்த பொருட்களின் சந்தையை வந்தடைந்தன. அவற்றின் சிப்புகளைக் கழற்றிப் புதிய பலகையில் பொருத்தி, புத்தம் புதியதெனப் பெட்டியிலிட்டு விற்பதும் நடைபெற்றுள்ளது. மடிக்கணினிக்கென உருவாக்கப்பட்ட சிப்புகளும் இவ்வாறே மேசைக் கணினிக்குரிய அட்டைகளாக மாற்றப்பட்டுள்ளன.

மூன்றாவது, பெயரொற்றுமை தரும் மயக்கமாகும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 580 அட்டையில் 2304 செயற்கருக்கள் உள்ளன. 2018 இல் சீனச் சந்தைக்கென 2048 செயற்கருக்களுடன் ஏறக்குறைய அதே பெயரில் இன்னொன்று வெளியிடப்பட்டது. அது போலியன்று. எனினும் விளம்பரத்தில் அந்த வேறுபாடு மறைக்கப்படுமானால் நுகர்வோர் ஏமாற்றப்படுகின்றார்.

நட்டம் பணத்துடன் நின்றுவிடுவதில்லை. உண்மையான 1050 ரி.ஐ. அட்டைக்கு 75 வாட் மின்சாரம் போதுமானது. ஜி.ரி.எஸ். 450 க்கோ 106 வாட் வரை தேவைப்படும். அதனால் கணினியின் மின்வழங்கிக்கு எதிர்பாராத சுமை ஏற்படுகின்றது. மேலும், அப்பழைய சிப் வகைக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதை என்விடியா 2019 ஜனவரியுடன் நிறுத்திவிட்டது. உத்தியோகபூர்வ ட்ரைவர் மென்பொருள் போலி அட்டையில் இயங்காதபோது, திருத்தியமைக்கப்பட்ட மென்பொருளை நிறுவுமாறு விற்பனையாளர் கூறலாம். யாரோ திருத்திய மென்பொருளை, வங்கிக் கணக்கைப் பார்வையிடும் அதே கணினியில் நிறுவுவது எத்தகைய ஆபத்தென்பதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கிய நாளிலேயே சோதிப்பதே இதற்கான தற்காப்பாகும். பொதியைத் திறப்பதைக் காணொளியாகப் பதிவு செய்தல் நன்று. 1050 ரி.ஐ. எனக் கூறப்படும் அட்டையில் 15 துளைகளைக் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பு காணப்பட்டால் ஐயம் கொள்ளல் வேண்டும். ஏனெனில் அத்தலைமுறைச் சிப்புகள் அவ்வகை இணைப்புக்கு இடமளிப்பதில்லை. ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருள், போலி என்விடியா அட்டைகளை இனங்கண்டு எச்சரிக்கும் வசதியை 2018 முதல் கொண்டுள்ளது. அடுத்து, சிப் நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே ட்ரைவர் மென்பொருளைப் பெற்று நிறுவ வேண்டும். பின்னர் அதிக நினைவகம் தேவைப்படும் முப்பரிமாண மென்பொருளொன்றை அரை மணி நேரமாவது இயக்கிப் பார்த்தல் வேண்டும். குறைபாடு காணப்பட்டால் விற்பனைத் தளத்தின் ஊடாகவே முறைப்பாடு செய்ய வேண்டும். பணத்தில் ஒரு பகுதியைத் தருகின்றோம், முறைப்பாட்டை மீளப்பெறுங்கள் என்ற பேச்சுக்கு இணங்குதல் கூடாது.

உள்நாட்டு விற்பனையாளராயின் சட்டத்தின் துணையும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வர்த்தகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றது. கொள்வனவு செய்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்தல் வேண்டும். 1977 என்னும் இலக்கத்தில் அதிகார சபையைத் தொடர்பு கொள்ளலாம். பற்றுச்சீட்டில் அட்டையின் முழுப் பெயரும் நினைவக அளவும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருந்தாலே இவ்வுரிமையை எளிதில் நிலைநாட்ட முடியும். கடல்கடந்த விற்பனையாளரிடம் இச்சட்டத்தைக் கொண்டு நிவாரணம் பெறுவது நடைமுறையில் மிகக் கடினமாகும்.

எனவே குறைந்த வருமானமுடையோர் பெயரறியாத புதிய அட்டையை நாடுவதிலும், நம்பகமான கடையில், கண்முன்னே இயக்கிக் காட்டப்படும் பாவித்த அட்டையை உத்தரவாதத்துடன் பெறுவதே மேலானதாகும். கடைக்காரர்களும் தாம் இறக்குமதி செய்யும் அட்டைகளைச் சோதித்து, உண்மை விபரத்தைப் பற்றுச்சீட்டில் பதிந்து வழங்க முன்வர வேண்டும். மாதக் கணக்கில் சேமித்த பணத்துடன் கடைப் படியேறும் மாணவனுக்கும் பெற்றோருக்கும் அவர்கள் செய்யக்கூடிய குறைந்தபட்சக் கடமை இதுவென்பதே எமது கருத்தாகும்.