அகதிகளின் முதலாண்டு உணவு: அமெரிக்கச் சட்ட வரலாறு

விளைச்சல் குன்றிய நாட்டிற் பசி தோன்றுதல் இயல்பு. விளைவு மிக்க நாட்டில் அது தோன்றுமாயின், காரணத்தைக் கூலியிலும் சட்டத்திலும் தேடுதல் வேண்டும். 1996ஆம் ஆண்டு நவம்பரில் உரோம் நகரிற் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களும் எக்காலத்தும் போதிய நல்லுணவை எய்தும் நிலையையே உணவுப் பாதுகாப்பு என வரையறுத்தது. உணவு உளதாதல் வேறு, அதனை எய்துதல் வேறு என்பது இவ்வரையறையாற் பெறப்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குப் புதிதாக வந்த அகதிகளின் வரலாற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 1,30,000 இந்தோசீன மக்கள் அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பெண்டில்டன், சாஃபி, இந்தியன்டவுன் கேப், எக்ளின் என்னும் நான்கு படைத்தளங்களில் அவர்கள் தங்கியிருந்தவரை உணவளிக்கும் பொறுப்பு அரசினுடையதாக இருந்தது. டிசம்பரில் இறுதி முகாமும் மூடப்பட்டது. தனிக்குடித்தனம் புகுந்தோர் அரிசியை விலைகொடுத்து வாங்க வேண்டியவராயினர். மொழியறியார்க்கு நல்ல வேலை உடனே வாய்ப்பதில்லை. வாய்த்த கூலியிலும் வாடகை முந்திக்கொள்ளும். வாடகையைக் குறைத்தல் இயலாது; உணவைக் குறைத்தல் இயலும். ஆதலின் வறுமையின் சுமை முதற்கண் அடுக்களையில் இறங்குகின்றது.

இவ்விடர் தீர்க்க அரசு மேற்கொண்ட துணைகளுள் இரண்டு சிறந்தவை. ஒன்று, பண உதவி. 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம், மாநிலங்களுக்கு இதன் செலவை 36 மாதம்வரை ஈடுசெய்ய இடந்தந்தது. பிற திட்டங்களுட் சேராத அகதிகட்குரிய இவ்வுதவிக் காலம் 1991இல் 8 மாதமும், 2025 மே மாதத்தில் 4 மாதமும் ஆயிற்று.

மற்றொன்று, இன்று மின்னட்டையாக வழங்கப்பெறும் உணவுச் சீட்டு. அதனைக் கொண்டு உணவன்றிப் பிற பொருள் வாங்க இயலாமையின், வாடகை அதனைக் கவர்ந்துகொள்ளாது. 1996 ஆகஸ்டில் இயற்றப்பட்ட நலத்திட்டச் சட்டம், குடியுரிமை பெறாதார் பலரை இத்துணையினின்றும் விலக்கியது. எனினும் அகதிகளின் உரிமையை முதல் 5 ஆண்டுவரை காத்தது. 1998இல் அவ்வரம்பு 7 ஆண்டாக நீண்டது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறவே நீங்கிற்று. கடுமை மிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டமும், வந்த புதிதில் துணை வேண்டும் என்னும் கொள்கையைக் கைவிட்டிலது என்பது கருதத்தக்கது.

2025 ஜூலை 4 அன்று கையொப்பம் பெற்ற சட்டம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. அகதி என்னும் நிலை மட்டும் உடையார் உணவுத் துணைக்குரிய தகுதியை இழந்தனர். அவருள் நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்றோரே தகுதியுடையராவர். அவ்வுரிமையோ ஓராண்டு தங்கிய பின்னரே எய்தற்பாலது. எனவே, துணை மிகவும் வேண்டப்படும் முதலாண்டே துணையற்ற ஆண்டாயிற்று.

உதவி நீளின் உழைப்பூக்கம் குன்றும் என்பார் உளர். அக்கூற்று ஆண்டு பல கழித்தார்க்கு ஒருகாற் பொருந்தலாம். மொழியும் வேலையும் இன்னும் பெறாதார்க்கு யாங்ஙனம் பொருந்தும்? ஆகவே, அகதியின் பசியை ஆராயப் புகுவோர் விளைச்சற் கணக்கோடு அமையாது, துணை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகின்றது என்பதனையும் நோக்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.