குறைந்த செலவில் காணொளித் தொகுப்பு: மடிக்கணினி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருமண வரவேற்பு, கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எனப் படம்பிடித்துக் கொடுத்துப் பகுதிநேர வருமானம் தேடும் இளையோர் நம்மிடையே உண்டு. படம்பிடிக்கக் கைப்பேசியே போதும். தொகுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பொருந்தாத கணினியை வாங்கிவிட்டால் சேமிப்பும் போகும், சொன்ன நாளில் வேலையும் முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது கணினியை அல்ல, எடுக்கப்போகும் படத்தை. 4கே படத்தில் முழு எச்டி படத்தைவிட நான்கு மடங்கு படப்புள்ளிகள் உள்ளன. இன்றைய கைப்பேசிகள் பல எச்.265 முறையில் படத்தைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. இதில் பெரும்பாலான சட்டங்கள் முழுதாகப் பதிவாவதில்லை. முன்பின் சட்டங்களிலிருந்து மாறியவை மட்டுமே பதிவாகின்றன. கோப்பு சிறிதாகும். ஆனால், தொகுக்கும்போது ஒவ்வொரு சட்டத்தையும் கணினி மீண்டும் உருவாக்க வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடுவதற்கு இது முக்கியக் காரணம்.

ரேம்

16 ஜிபி-க்குக் குறைவாக வாங்க வேண்டாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. கூடுதல் ரேம் போட இடம் உள்ளதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சேமிப்பு

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் படம் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிபி இடத்தைப் பிடிக்கும். இரு கேமராக்களில் நான்கு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினியோடு, முடிந்த வேலைகளைச் சேமிக்கத் தனி வெளிச்சேமிப்பகமும் வேண்டும். இதற்கான தொகையையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கிராபிக்ஸ் அட்டை

அட்டையின் பெயர் மட்டும் போதாது. ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினி அட்டை, கணினியைப் பொறுத்து 35 முதல் 115 வாட் வரையிலான மின்திறனில் இயங்கும். பெயர் ஒன்றே, வேகம் வெவ்வேறு. வெட்டி ஒட்டுவதற்கும் எழுத்துச் சேர்ப்பதற்கும் செயலியோடு வரும் கிராபிக்ஸே பெரும்பாலும் போதும். வண்ணத் திருத்தமும் சிறப்புக் காட்சிகளும் செய்வோருக்கே தனி அட்டை அவசியம்.

திரை

விவரப் பட்டியலில் '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்றிருந்தால் தவிர்க்கலாம். அத்தகைய திரையில் வண்ணம் வெளிறித் தெரியும். மணமகள் சேலையின் உண்மையான சிவப்பு தெரியாது. '100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி' திரையே தேவை.

பழைய கணினி வாங்குவோருக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் செயலி என்றால், விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய மேக்புக் ஏர் கணினிகளில் 8 ஜிபி ரேம் கொண்டவை அதிகம். அதைக் கூட்ட வழியில்லை.

பணம் மிச்சப்படுத்தும் வழி

கணினி மெதுவானது என்றால் 'பிராக்சி' முறை கைகொடுக்கும். மூலப்படத்தின் சிறிய நகலை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் மென்பொருள் மூலப்படத்திலிருந்தே முழுத்தரக் காணொளியை உருவாக்கும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. இம்முறை தெரிந்தவர் விலை உயர்ந்த கணினிக்காகக் கடன்பட வேண்டியதில்லை.

ரசீது பத்திரம்

மலேசியாவில் தனிநபர் கணினி வாங்கிய செலவை, வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரிக் கழிவில் சேர்க்கலாம். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவையும் இதே வரம்புக்குள் அடங்கும். இத்தொகை வரியிலிருந்து நேரடியாகக் குறையாது. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்தே கழியும். சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் கணினிக்கு இக்கழிவு பொருந்தாது என்பதைக் கட்டணம் வாங்கிப் படம்பிடிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும். ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.