தலையெழுத்தும் தோணித்தலையும்

சாகுபுரத்து உப்பளங்களை விட்டு மேற்கே தாமிரபரணிப் பக்கம் போனால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளைத் திறந்தார். அவற்றிலிருந்த மண்டையோடுகளைப் பற்றி 1930-இல் ஸக்கர்மன் எழுதினார். இது ஆதி ஆஸ்திரேலிய வகை, அது மத்தியதரைக்கடல் வகை என்று இனம் பிரிப்பதுதான் அன்றைய ஆய்வின் கவலை. தலை நீளமா அகலமா என்ற கணக்கில் ஒரு மக்களின் பூர்வீகமே அடங்கிவிடும் என்று நம்பிய காலம் அது.

நம்பியிருக்க வேண்டியதில்லை. குழந்தையின் மண்டை பல எலும்புத் தகடுகளால் ஆனது. மூளை வளர வளர, தகடுகளின் இணைப்புக் கோடுகளில் எலும்பு கூடும். ஒரு கோடு முன்கூட்டியே ஒட்டிவிட்டால் மண்டை அதற்குக் குறுக்கே விரியாது, அது ஓடும் திசையிலேயே நீளும். இதை 1851-லேயே ஜெர்மன் மருத்துவர் விர்கோ சொல்லிவிட்டார். உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு ஒட்டினால் தலை ஒடுங்கி நீளும். மருத்துவம் அதற்கு வைத்த கிரேக்கப் பெயரிலும் இருப்பது தோணிதான். தூத்துக்குடிக்காரருக்கு விளக்க வேண்டாம். அப்படியானால் ஆதிச்சநல்லூரின் நீளத்தலைகள் பிறவிக்குறையா? இல்லை. எந்தக் கோடு ஒட்டினாலும் சேர்த்தே சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் காணும் குறை ஊர் முழுக்க இராது. மூக்கையும் புருவமேட்டையும்கூடப் பார்த்தார்களே என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அவையும் வடிவங்களே. ஒரே வடிவத்துக்குப் பல காரணம் இருக்கும்போது, வடிவத்தை மட்டும் வைத்து வம்சம் சொல்ல முடியாது. முதியவர் மண்டையில் கோடுகள் தாமாகவே மறைவதால், கோடு இல்லாததை மட்டும் வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது. குழந்தை மண்டையில் அந்தக் குழப்பம் குறைவு. ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் கிடைத்த, சுமார் 5 லட்சம் ஆண்டுப் பழமையான குழந்தை மண்டையில் ஒரு கோடு முன்கூட்டியே ஒட்டியிருந்ததை 2009-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தை ஐந்து வயதையாவது தொட்டிருந்தது. யாரோ அதைக் கைவிடாமல் வளர்த்திருக்கிறார்கள் என்று எண்ண இடமுண்டு. எந்த இனக்கணக்கும் தராத செய்தி இது.

வேடிக்கை என்னவென்றால், நம் பாமரர்கள் பார்த்தது கோட்டைத்தான். மண்டையோட்டில் நெளியும் அந்தக் கோடுகளையே பிரமன் கிறுக்கிய தலையெழுத்து என்றார்கள். ஆனால் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்து உருட்டும் கையோ வடிவத்தையே நம்பியது. ஒரே பக்கமாகப் படுத்துத் தட்டையான தலை, படுக்கை மாறினால் பெரும்பாலும் தேறும். ஒட்டிய கோடு எந்தப் பிடிக்கும் மசியாது. பச்சைக் குழந்தையின் உச்சியில் வரப்புபோல் எலும்பு தட்டுப்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கோடு ஒட்டியிருந்தால் அதற்கான அறுவையைப் பெரும்பாலும் முதல் வயது முடிவதற்குள் செய்கிறார்கள்.